ருசி பார்க்கும் மேசையில் இரண்டு பேர்

எங்கள் கம்பெனியில் இரண்டு பேர் ருசி பார்க்காமல் எந்த ஜாம் பாட்டிலும் வெளியே போகாது. ஒருவர் நான். இன்னொருவர் முதலாளியம்மாவின் சித்தப்பா. முதலாளியம்மா அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவதால் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். லாரி டிரைவர் அவரைவிட நான்கு வயது மூத்தவர். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

முறை இது. மேசையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு ஸ்பூன், ஒரு தம்ளர் வெந்நீர், ஒரு சீட்டு. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல், சீட்டில் எழுத வேண்டும். மிக நன்று, நன்று, கூடாது, மூன்றில் ஒன்று. இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் சரக்கு போகும். ஒருவரை மற்றவர் பார்க்காதபடி நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைப்பதாக இருந்தது. தச்சர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்.

கடந்த பதினான்கு மாதத்தில் எங்கள் சீட்டு ஒருமுறைகூட மாறியதில்லை. இதை முதலாளியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

எனக்கு ருசி தெரியாது.

பதினாறு மாதத்துக்கு முன் என் மனைவி இறந்தாள். இரண்டு மாதம் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து முதல் ஸ்பூனை வாயில் வைத்தபோது ஜாமின் வழவழப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. இனிப்பு, புளிப்பு, வாசனை எதுவும் இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ருசி தானாக வரும் என்றார். எப்போது என்று கேட்டேன். அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.

அதனால் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். அவர் முப்பது வருடமாக இந்த மேசையில் இருப்பவர். கண்ணை மூடி இடது புருவத்தைத் தூக்கினால் மிக நன்று. தூக்காவிட்டால் நன்று. உதட்டைப் பிதுக்கினால் கூடாது. உதட்டைப் பிதுக்கி நான் பார்த்ததே இல்லை.

முதலாளியம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலையோடு சேர்ந்தது வீடு. இப்போது இலை உலர்த்தும் கொட்டகைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. பழம் வந்து இறங்கும் நேரத்தில் கூப்பிட்டால் இறங்கி வர வேண்டும் என்று, ருசி பார்ப்பவருக்கு முதலாளியம்மாவின் அப்பா காலத்தில் கட்டிக் கொடுத்தது. சித்தப்பாவுக்குச் சொந்த வீடு இருக்கிறது. இந்த வீட்டில் நானும் அத்தையும் இருக்கிறோம். அத்தை என் மனைவியின் அம்மா. மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பையோடு வந்தார். மகள் போன பிறகு அவர் கிளம்பவில்லை. நானும் கிளம்பச் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மகன், என் மச்சான், போன் செய்வார். பெண்ணே இல்லாத வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை என்று கேட்பாராம். தன் வீடு சின்னது என்றும் சொல்வாராம். வா என்பதும் வேண்டாம் என்பதும் ஒரே மூச்சில் வரும். என் வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அத்தை அங்கே போக வேண்டும். அதற்காகத்தான் சித்தப்பாவின் புருவத்தைப் பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குப் பகலில் சும்மா இருக்க முடியாது. கீழே ஜாம் காய்ச்சும் இடத்துக்குப் போய்விடுவார். பழம் பொறுக்குவார், கரண்டி பிடிப்பார், எல்லோரையும் அதட்டுவார். அவர் கம்பெனி ஆள் இல்லை. அதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

எங்கள் சரக்கு முழுக்க ஒரே செடியிலிருந்து வருவது. காட்டு ராஸ்பெர்ரி. சரிவுகளில் தானாக மண்டிக் கிடக்கும். ஆள் உயரப் புதர், தண்டெல்லாம் செம்மயிர், மயிருக்கு நடுவே கொக்கி முள். இலை மூன்று மூன்றாக இருக்கும், அடிப்பக்கம் வெளுப்பு. பழம் மஞ்சள். பறித்தால் காம்போடு உள்தண்டு செடியிலேயே நின்றுவிடும். கையில் வருவது உள்ளே காலியான ஒரு சின்னக் குல்லாய். பறிக்கிற பெண்களின் குழந்தைகள் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்பார்கள். காலையில் பறித்தது மாலைக்குள் அடுப்பேற வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கூழ். அதனால் கடையில் இந்தப் பழம் கிடைக்காது. ஜாமாக, சர்பத்தாகத்தான் கிடைக்கும்.

இந்த வருடம் முதலாளியம்மா இலைத் தேநீர் வியாபாரத்திலும் இறங்கினார். இலை மருந்து என்பது பறிக்கிற பெண்களுக்கு எப்போதும் தெரியும். வயிறு இளகிப் போனால் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். தொண்டை கட்டினால் அதே நீரில் வாய் கொப்பளிப்பார்கள். காய்ச்சலுக்கு வேர். பிரசவம் நெருங்கும் மாதத்தில் சில வீடுகளில் இலைத் தேநீர் கொடுப்பார்கள். டாக்டரைக் கேட்காமல் ஏன் கொடுத்தாய் என்று சில வீடுகளில் சண்டை நடக்கும். இவ்வளவையும் லேபிளில் போடச் சொன்னார் முதலாளியம்மா. கூடவே முடி உதிர்வதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். லேபிள் எழுதுவது நான். வேதியியல் படித்தவன். ‘வயிறு இளகினால் குடிக்கலாம். நிற்காவிட்டால் டாக்டரைப் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

“என்ன தம்பி, சாவுச் செய்தி மாதிரி எழுதியிருக்கீங்க?” என்றார். பிறகு யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, லேபிள் ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பறிக்கிற பெண்கள் முதல் நாளே சொன்னது. “பச்சையா இருக்கணும், இல்ல நொறுங்கணும். நடுவுல நின்னா வயித்துல நிக்காது.” அரைகுறையாக வாடிய இலை வயிற்றைக் கலக்கிவிடும் என்று பொருள். அதனால் தட்டில் பரப்பி, கையில் பிடித்தால் பொடியாகும்வரை உலர்த்துவோம்.

அப்படிப் பொடியான இலையில் சோதனைக்காகப் போட்ட முதல் தேநீரைக் குடித்தபோது எனக்கு நாக்கு இறுகியது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். துவர்ப்பு மற்ற ருசிகளைப் போல இல்லை. அது நாக்கின் தோலைப் பிடித்து இழுப்பது. கையில் முள் கீறினால் தெரிவது போலத் தெரிவது. பதினாறு மாதத்தில் என் வாய்க்குள் நடந்த முதல் சம்பவம் அதுதான். அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போய் ஒரு இலையை எடுத்து மென்றேன். மறுநாளும் மென்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் ஊராக மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமையே வருகிறேன் என்று போன் வந்தது. அந்த வாரம் மூன்று நாளாக விடாத மழை. தட்டிலிருந்த இலை ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தது. சனிக்கிழமை அத்தை மச்சான் வீட்டுக்குப் போயிருந்தார், தனக்கு ஒதுக்கிய அறையைப் பார்த்துவிட்டு வர. முதலாளியம்மா தானே நின்று, மேலும் ஈரம் ஏறாமல் இருக்க இலையை எல்லாம் தகர டின்னில் போட்டு மூடி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை டின்னைத் திறந்ததும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பூக்கடை மாதிரி மணக்கிறது என்றார்கள். பழத்திலேயே இந்த வாசனை இல்லை என்றார்கள். முதலாளியம்மா கண்ணை மூடி மூன்று முறை மூச்சை இழுத்தார். நானும் இழுத்தேன். காற்று வந்தது.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். உயரம், டை, வெளுத்த முகம். முந்தைய நாள் ஹோட்டல் சாப்பாட்டில் தனக்கு வயிறு சரியில்லை, நோயாளியே வீடு தேடி வந்துவிட்டேன் பாருங்கள் என்று சொல்லி ஜாக்கிரதையாகச் சிரித்தார். முதலாளியம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு பெரிய கோப்பை நிறையத் தேநீர் போட்டுக் கொடுத்தார். பிறகு எங்கள் மேசையைக் காட்டினார். இரண்டு பேர், இரண்டு சீட்டு, பதினான்கு மாதமாக ஒரு வித்தியாசம் இல்லை. அதிகாரி குடித்துக்கொண்டே பார்த்தார்.

ஜாம் என்றால் நிறம் இருக்கிறது, பதம் இருக்கிறது. முகத்துக்காகக் காத்திருப்பது இரண்டு விநாடிதான். தேநீரில் பார்க்க ஒன்றுமில்லை. நான் ஒரு வாய் வைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா ஒரு வாய் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் விழுங்கவில்லை. அவரும் விழுங்கவில்லை. கன்னம் உப்பியபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். எப்போதும் இவ்வளவு நேரம் ஆகுமா என்று அதிகாரி கேட்டார். ஆழமாகப் பார்ப்பார்கள் என்றார் முதலாளியம்மா. அதிகாரி இரண்டாவது கோப்பையை எடுத்துக்கொண்டார்.

நாக்கு இறுகும் என்று காத்திருந்தேன். இறுகவில்லை. வாயில் வெந்நீர்தான் இருந்தது. யோசனையில் என் புருவம் தானாக மேலே போயிற்று. அடுத்த நொடி சித்தப்பா கண்ணை மூடி, புருவத்தைத் தூக்கி, விழுங்கி, எழுத ஆரம்பித்துவிட்டார்.

என் கையும் பழக்கத்தில் ‘மிக’ என்று எழுதிவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை. இதைக் குடிக்கப் போகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள். எழுதியதை அடித்துவிட்டு, கூடாது என்று எழுதினேன்.

விருந்தாளி இருந்தால் சீட்டை உரக்கப் படிப்பது முதலாளியம்மாவின் வழக்கம். முதல் சீட்டை மணி போலப் படித்தார். இரண்டாவதில் ‘மிக’ என்று ஆரம்பித்து நின்றார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

“தம்பி, கை தவறிடுச்சா?”

“இல்லைங்க. இலை காயலை. நடுவுல நிக்குது. காஞ்சிருந்தா நாக்கை இறுக்கணும், இது இறுக்கலை.”

“ஊரே மணக்குது, இறுக்கலைங்கறீங்க.”

“பாப்பா, இது முப்பது வருஷத்து நாக்கு” என்றார் சித்தப்பா. முதலாளியம்மாவுக்கு ஐம்பது வயது. சித்தப்பாவுக்கு மட்டும் பாப்பா.

வந்தவர் முன்னாலேயே இதைத் தீர்த்துவிட வேண்டும் என்று முதலாளியம்மாவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. உள்ளே போய் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் உப்பு. எது எது என்று சொல்லுங்கள், சரியாகச் சொல்கிறவர் சீட்டுதான் சீட்டு என்றார்.

சித்தப்பா இடது தம்ளரில் ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தார். வலதில் ஒரு ஸ்பூன். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. பதினான்கு மாதம் எதிரே உட்கார்ந்தும் அதை நான் கவனித்ததில்லை. அதே கேள்வியோடுதான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

“இடது பக்கம் சர்க்கரை” என்றார் சித்தப்பா.

“அது உப்பு, சித்தப்பா.”

“பழைய உப்பா இருக்கும்.”

முதலாளியம்மா என் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் என்றார். விடையை அவரே சொல்லிவிட்டார். வலது பக்கம் சர்க்கரை என்றால் முடிந்தது. வேலை இருக்கும், வீடு இருக்கும், அத்தை இருப்பார். ஆனால் நாளையிலிருந்து பார்த்து எழுத எதிரே ஒரு முகம்கூட இருக்காது.

“எனக்குத் தெரியாதுங்க. பதினாறு மாசமா எதுவும் தெரியலை. சித்தப்பா மூஞ்சியைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

சித்தப்பா ஸ்பூனை வைத்தார். “என் மூஞ்சியையா? நான் உன் மூஞ்சியைப் பார்த்துல்லடா எழுதினேன்.”

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூக்கில் ஆபரேஷன் நடந்ததிலிருந்தே அவருக்கு ஒன்றும் தெரியாதாம். எனக்கு முன்னால் இருந்தவர் முகத்தைப் பார்த்து எழுதினாராம். அவருக்கு ரொம்ப நல்ல முகம், உன்னுடையது கொஞ்சம் கஷ்டம், ஒன்றும் ஓடாது என்று என்னிடம் குறைப்பட்டார்.

முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பதினான்கு மாதமாக யாருமே ருசி பார்க்காத பாட்டில்கள் எந்தெந்த ஊருக்குப் போயின என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

“மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க தம்பி. சித்தப்பாவை ஒண்ணும் பண்ண முடியாது. அவர் சித்தப்பா.”

சரி என்றேன். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அதிகாரி எழுந்து நின்றார். டையைச் சரிசெய்தார். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். காட்டினோம். முதல் நான்கு அடி நடந்தார். மீதியை ஓடினார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, உட்காராமலே மறுபடி போனார். அது தேநீரின் வேலையா, ஹோட்டலின் வேலையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் வேதியியல் படித்தவன், அவசரப்பட்டு முடிவுக்கு வர மாட்டேன். முதலாளியம்மா முடிவுக்கு வந்துவிட்டார். ‘கூடாது’ என்று எழுதிய சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

இந்த நேரத்தில் அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நேரே உள்ளே வந்தார். பாத்ரூமில் யார் என்று கேட்டார். சொன்னோம். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னோம். பையை இறக்காமலே டின் பக்கம் போய், ஒரு கை இலையை அள்ளி இறுக்கினார். இலை நொறுங்கவில்லை. உருண்டையாக நின்றது.

“எந்தப் புத்திசாலி இதை மூடி வெச்சது?”

முதலாளியம்மா ஜன்னலைப் பார்த்தார். சித்தப்பா முதலாளியம்மாவைப் பார்த்தார். பேச்சை மாற்ற முதலாளியம்மா எங்கள் இருவர் கதையையும் சொல்லி முடித்தார். அத்தைக்கு ஆச்சரியம் இல்லை.

“பெரியவர் விஷயம் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு நாக்கு வேலை செய்யலைன்னு அப்பவே தெரியும். ஒரு வாரம் உப்பே போடாம சமைச்சேன். தினமும் தட்டைக் காலி பண்ணிட்டு, நல்லாருக்கு அத்தைன்னு எழுந்து போனார்.”

அதன் பிறகுதான் அவர் கீழே காய்ச்சும் இடத்துக்கு வர ஆரம்பித்தாராம். அவர் வாயில் வைக்காமல் ஒரு சட்டி ஜாமும் எங்கள் மேசைக்கு வந்ததில்லை. சர்க்கரை குறைந்தால் போடச் சொல்வார். புளித்தால் கொட்டச் சொல்வார். நல்லதாக வந்ததைத்தான் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி முகம் பார்த்து நல்லது என்று எழுதினோம். வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கொட்டச் சொல்லும்போது ரொம்பத் திட்டுவார் என்று ஒருத்தி சேர்த்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை” என்றேன்.

“சொன்னா? நல்லாருக்குன்னு சொல்றதையும் நிறுத்தியிருப்பீங்க.”

 சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. மேசையிலிருந்த சர்க்கரைத் தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் ஒரு சொம்பில் ஊற்றி, கொதித்து ஆறிய நீரை நிறையச் சேர்த்து, ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் நீர் விட்டு, பாத்ரூம் கதவு திறந்ததும் அதிகாரி கையில் கொடுத்தார். அது முடிந்ததும் எங்கள் சமையலறையிலிருந்து முன்பு சோதனைக்குப் போட்டதில் மீந்த, நன்றாகக் காய்ந்த இலையை எடுத்துவந்து தேநீர் வைத்தார். அதிகாரி தயங்கினார். முன்பு குடித்தது போல இது மணக்கவில்லையே என்றார். “மணக்காது. குடிங்க” என்றார் அத்தை. குடித்தார். நாக்கை இழுக்கிறது என்று புகார் சொன்னார். எனக்கு அந்த ஒரு கோப்பையில் ஒரு வாய் கேட்க வேண்டும் போல இருந்தது.

நான்கு மணிக்குமேல் அதிகாரியால் நாற்காலியில் தொடர்ந்து உட்கார முடிந்தது. இலைக்கு மழை நின்ற பிறகு வருகிறேன், இப்போது ஜாமும் சர்பத்தும் அனுப்புங்கள் என்றார். கிளம்பும்போது என் சீட்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று சொல்லவில்லை. லாரி டிரைவர் அவரை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போனார்.

முதலாளியம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, ருசி பார்க்கிற வேலை இனி அத்தைக்கு என்றார். எதிர் நாற்காலிக்குக் காய்ச்சும் இடத்துப் பெண்களில் ஒருத்தி. எனக்கு லேபிளும், காய்ந்த இலை இறுக்குகிறதா என்று பார்ப்பதும். சித்தப்பாவுக்கு வாசலில் ஒரு நாற்காலி. அப்பா போட்ட ஏற்பாட்டின்படி வீடு ருசி பார்ப்பவருக்குத்தான்.

“அதனால வீடு இனிமே உங்களோடதும்மா. தம்பி அங்க இருக்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார் அத்தை.

உண்மையிலேயே யோசித்தார். செவ்வாய், புதன், வியாழன் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் வீட்டு அறை எப்படி இருந்தது என்று கேட்டேன். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது, கதவைத் திறந்தால் கட்டிலைப் போட முடியாது என்றார். 

ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தார். அத்தை ஜன்னலோரம் நின்று பேசினார். நான் சமையலறையில் இருந்தேன். குழாயைக் கொஞ்சம் மூடினால் நன்றாகக் கேட்டது.

“நான் எங்கயும் வரல. எனக்கு இங்க வேலை கொடுத்திருக்காங்க. வீடும் கொடுத்திருக்காங்க.” மச்சான் ஏதோ நீளமாகக் கேட்டார். அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். “அவரா? இருக்காரு. எங்க போவாரு? என் வீட்லதான் இருக்காரு. பாத்திரம் கழுவுறாரு.”

குழாயைத் திறந்துவிட்டேன். இன்னும் மூன்று தட்டு பாக்கி இருந்தது.